இணையக் கலைக்களஞ்சியத்தில் எளியோர் வாழ்க்கை: குறிப்பிடத்தக்கமையும் அந்தரங்கமும்

தருமபுரி நகரிலிருந்து ஏறத்தாழ 25 கிலோமீட்டர் தொலைவில், கிழக்குத் தொடர்ச்சி மலைப்பகுதியில் இருக்கிறது வத்தல்மலை. பெரியூர், பால்சிலம்பு, சின்னாங்காடு முதலான அதன் சிற்றூர்களில் மலையாளிப் பழங்குடி மக்கள் வாழ்கின்றனர். சாமையும் கேழ்வரகும் விளையும் மலையில் இன்று காப்பியும் மிளகும் சேர்ந்து விளைகின்றன. 2021 செப்டம்பர் 30 அன்று முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் இம்மலைக்கு வந்து மக்களோடு உரையாடினார். இத்தகைய வருகைகள் செய்தியாகும்போது வந்தவர்களின் பெயர்கள் அச்சாகும். வரவேற்றவர்கள் ‘பழங்குடியின மக்கள்’ என்னும் ஒற்றைத் தொடருக்குள் அடங்கிவிடுவர். இது பழைய வழக்கம்தான்.

இம்மலையின் சிற்றூர் ஒன்றிலிருந்து ஒரு பெண் ஊராட்சி வார்டு உறுப்பினராகிறார் என்று வைத்துக்கொள்வோம். பள்ளிக்கும் பாதைக்கும் சாதிச் சான்றிதழுக்கும் பத்து ஆண்டுகள் அலுவலகங்களின் படியேறி இறங்குகிறார். அவரைப் பற்றி விக்கிப்பீடியாவில் ஒரு கட்டுரை எழுத முடியுமா? முடியாது. எழுதினாலும் நிற்காது. அதே பெண் ஒரு வன்கொடுமைக்கு ஆளானால், ஒரே வாரத்தில் அவரது பெயர், வயது, சாதி, ஊர், கணவர் பெயர், படம் அனைத்தும் இணையத்தில் ஏறிவிடும். அவற்றைச் சான்றாக வைத்து எவரேனும் ஒரு கட்டுரையும் தொடங்கிவிடக்கூடும்.

இணையக் கலைக்களஞ்சியங்களில் இரண்டு கோட்பாடுகள் தனித்தனியாகப் பேசப்படுகின்றன. ஒருவர் கட்டுரைக்குரியவரா என்று கேட்பது குறிப்பிடத்தக்கமை. அவரைப் பற்றி எதை எழுதலாம், எதை விட்டுவிட வேண்டும் என்று கேட்பது அந்தரங்கம். ஒடுக்கப்பட்டோரைப் பொறுத்தவரை இரண்டும் சேர்ந்தே வினைபுரிகின்றன. நம் செயல்களுக்கு முதல் வாசல் மூடியிருக்கிறது. நம் காயங்களுக்கு இரண்டாவது வாசலில் காவல் இல்லை. இக்கட்டுரை இவ்விரண்டின் செயல்முறையையும் விளக்க முயல்கிறது.

குறிப்பிடத்தக்கமை எப்படி அளக்கப்படுகிறது

தமிழ் விக்கிப்பீடியா 2003ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டது; இன்று அதில் ஒன்றரை இலட்சத்திற்கும் மேற்பட்ட கட்டுரைகள் உள்ளன. ‘குறிப்பிடத்தக்கமை’ என்னும் சொல் அங்கு வழங்குவதே. விதியின் மூலவடிவம் ஆங்கில விக்கிப்பீடியாவில் வளர்ந்தது. ஒருவர் நல்லவரா, பெரியவரா, பயனுள்ளவரா என்று அது கேட்பதில்லை. அவருடன் தொடர்பற்ற, நம்பகமான வெளியீடுகள் அவரைப் பற்றி விரிவாக எழுதியிருக்கின்றனவா என்று மட்டுமே கேட்கிறது. அவரே எழுதியது கணக்கில் வராது. அவரது இயக்கம் வெளியிட்ட துண்டறிக்கை, முகநூல் பதிவு, நண்பரின் வலைப்பதிவு ஆகியவையும் வரா.

விதி நடுநிலையானது போலவே தோன்றும். ஆனால் அது அளப்பது ஒரு மனிதரின் வாழ்வை அன்று. அவரைப் பற்றி அச்சேறியதை. அச்சு யார் கையில் இருந்தது என்பது தமிழகத்தில் எவரும் அறிந்ததே. இரட்டைமலை சீனிவாசன் 1893இல் ‘பறையன்’ இதழைத் தொடங்கினார். அயோத்திதாசப் பண்டிதர் 1907இல் ‘ஒரு பைசாத் தமிழன்’ இதழைத் தொடங்கினார். பிறர் எழுத மறுத்ததைத் தாமே அச்சிட்டுக்கொள்ள வேண்டிய நிலை அவர்களுக்கு இருந்தது. அயோத்திதாசர் 1914இல் மறைந்தார். அவரது எழுத்துகள் ஞான. அலாய்சியஸ் தொகுப்பாக 1999இல் வெளிவந்த பிறகே பல்கலைக்கழகங்களின் கவனம் பரவலாக அவர் மீது திரும்பியது. ‘சார்பற்ற சான்று எங்கே?’ என்ற கேள்வியை 1998இல் ஒருவர் எழுப்பியிருந்தால், ஓர் இதழையும் ஓர் அறிவு மரபையும் உருவாக்கிய மனிதருக்கு விடை சொல்வது எளிதாக இருந்திருக்காது.

உலக அளவிலும் இதற்குப் பெயர்பெற்ற எடுத்துக்காட்டு உண்டு. கனடிய இயற்பியலாளர் டோனா ஸ்ட்ரிக்லேண்டு பற்றிய வரைவுக் கட்டுரை, சான்றுகள் போதவில்லை என்று 2018 மே மாதத்தில் மறுக்கப்பட்டது. அதே ஆண்டு அக்டோபர் 2 அன்று அவருக்கு நோபல் பரிசு அறிவிக்கப்பட்டது. அதன் பின்னரே கட்டுரை நிலைபெற்றது. நோபல் பரிசு வந்து காப்பாற்றும் வாய்ப்பு வார்டு உறுப்பினர்களுக்கு இல்லை.

அரசியலாளர்களுக்குத் தனி விதி ஒன்று உண்டு. நாடாளுமன்ற, சட்டமன்ற உறுப்பினர்கள் அப்பதவியினாலேயே குறிப்பிடத்தக்கவர்கள் எனக் கொள்ளப்படுவர். ஊராட்சி, ஒன்றிய அளவிலான உறுப்பினர்களுக்கு அந்தச் சலுகை இல்லை. இதன் விளைவை எண்ணிப் பாருங்கள். தமிழகச் சட்டமன்றத்தின் 234 தொகுதிகளில் பட்டியல் சாதியினருக்கு 44, பழங்குடியினருக்கு ஏற்காடு, சேந்தமங்கலம் ஆகிய 2. தருமபுரி மாவட்டத்தின் ஐந்து தொகுதிகளில் அரூர் மட்டுமே தனித்தொகுதி. அதுவும் பட்டியல் சாதியினருக்கானது. வத்தல்மலையில் பிறந்த ஒருவர் தம் மாவட்டத்திற்குள் பழங்குடியினருக்கான இடத்தில் நின்று சட்டமன்றத்திற்குள் செல்ல வழியே இல்லை. நம் மக்களின் பொதுவாழ்வு பெரும்பகுதியும் ஊராட்சி அளவில்தான் நிகழ்கிறது. விதியின் கோடு ஊராட்சிக்கு மேலேதான் கிழிக்கப்பட்டிருக்கிறது.

காயத்தின் வழியே வரும் பெயர்

ஊராட்சித் தலைவர் ஒருவர் எப்போது நாடறிந்தவராகிறார்? மேலவளவு முருகேசன் 1997 ஜூன் 30 அன்று உடனிருந்தவர்களோடு வெட்டிக் கொல்லப்பட்ட பிறகு. தேர்தலில் நிற்கவே அஞ்ச வேண்டிய ஊரில் அவர் துணிந்து நின்று வென்றதன் பொருள், அவர் உயிரோடு இருந்தபோது எந்தக் கலைக்களஞ்சியத்திற்கும் போதுமான பொருளாக இருந்திருக்காது. 2020இல் கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில் ஊராட்சித் தலைவர் தரையில் அமர்த்தப்பட்ட படம் பரவியது. மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்ட ஒருவரின் பெயரை இணையத்தில் தேடினால் முதலில் வந்து நிற்பது அப்படமே. அவர் என்ன தீர்மானம் நிறைவேற்றினார், எந்தத் தெருவுக்குக் குடிநீர் கொண்டுவந்தார் என்பன தேடலில் வருவதில்லை.

‘ஒரே நிகழ்வால் அறியப்பட்டவர்’ என்று விக்கிப்பீடியாவில் ஒரு வரையறை இருக்கிறது. ஒருவர் ஒரே ஒரு நிகழ்வின் காரணமாக மட்டும் செய்தியில் வந்து, மற்றபடி தம் வாழ்வைத் தனிமையில் நடத்துபவராக இருந்தால், அவர் பெயரில் தனிக் கட்டுரை வேண்டாம். நிகழ்வைப் பற்றிய கட்டுரையே போதும் என்கிறது அது. நம் பார்வையில் அதன் கொள்கைகளிலேயே மிகவும் மனிதத்தன்மை கொண்ட விதி இதுதான். அதிகம் அறியப்படாதவர்களைப் பற்றி எழுதும்போது, அவர்கள் அறியப்பட்டதற்குத் தொடர்பான செய்திகளோடு நிறுத்திக்கொள்ள வேண்டும் என்ற துணைவிதியும் உண்டு.

தருமபுரி மாவட்டமே இவ்விதிக்கு உரைகல். 2012 நவம்பர் 7 அன்று நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி ஆகிய தலித் குடியிருப்புகள் சூறையாடப்பட்டு 250க்கும் மேற்பட்ட வீடுகள் எரிக்கப்பட்டன. காரணமாகச் சொல்லப்பட்டது ஒரு சாதி மறுப்புத் திருமணம். 2013 ஜூலை 4 அன்று இளவரசன் தருமபுரியில் தண்டவாளத்தின் அருகே பிணமாகக் கிடந்தார். அவர் பெயரை நாம் எழுதுகிறோம். இன்று அவருக்கு மிச்சமிருப்பது பெயரும் நீதிக்கான கேள்வியும் மட்டுமே. அவரை மணந்த பெண்ணின் பெயரை இங்கு எழுதவில்லை. வாசகர்களுள் பெரும்பாலோருக்கு அது தெரியும். தெரியும் என்பதே சிக்கல். தந்தையை இழந்து, பின் கணவரை இழந்து, இருபது வயதை ஒட்டிய பருவத்தில் தொலைக்காட்சிகளின் முன் நிறுத்தப்பட்ட ஒருவர், அதன் பிறகு எங்கே வாழ்கிறார், என்ன படித்தார், யாருடன் இருக்கிறார் என்பவை நிகழ்வின் வரலாற்றுக்குத் தேவையானவை அல்ல. அவற்றை அறிய விரும்பும் மனம் ஆய்வாளரின் மனமாகவும் இருக்கலாம். சாதிவெறியரின் மனமாகவும் இருக்கலாம். கட்டுரை இருவருக்கும் ஒரே முகவரியைத்தான் தரும்.

பாலியல் வன்கொடுமைக்கு ஆளானோரைப் பொறுத்தவரை சட்டம் தெளிவாகவே பேசுகிறது. இந்திய தண்டனைச் சட்டத்தின் 228ஏ பிரிவும், 2024 ஜூலை 1 முதல் அதன் இடத்திற்கு வந்துள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 72ஆம் பிரிவும் அவர்களின் அடையாளத்தை வெளியிடுவதைக் குற்றமாக்குகின்றன. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015 திருத்தத்தால் சேர்க்கப்பட்ட 15ஏ பிரிவு, சாட்சிகளின் பெயரையும் முகவரியையும் பொதுமக்கள் பார்க்கக்கூடிய ஆவணங்களில் மறைக்க ஆணையிடும் அதிகாரத்தை நீதிமன்றத்திற்கு அளிக்கிறது. இப்பிரிவை நம் வழக்கறிஞர்கள் இன்னும் அடிக்கடி பயன்படுத்த வேண்டும் என்பது நம் கருத்து.

நடைமுறை வேறு. கத்துவாவில் கொல்லப்பட்ட பக்கர்வால் நாடோடி இனச் சிறுமியின் பெயரும் படமும் நாடெங்கும் வெளியாயின. 2018இல் டெல்லி உயர் நீதிமன்றம் ஊடக நிறுவனங்கள் தலா 10 இலட்சம் ரூபாய் செலுத்த ஆணையிட்டது. 2020இல் ஹாத்ரஸ் தலித் பெண்ணின் பெயரும் அவ்வாறே பரவியது. 2024இல் கொல்கத்தாவில் கொல்லப்பட்ட மருத்துவரின் பெயரையும் படத்தையும் நீக்குமாறு செப்டம்பர் 17 அன்று உச்ச நீதிமன்றம் விக்கிப்பீடியாவுக்கே நேரடியாக ஆணையிட்டது. அந்த ஆணை சரியானதே. அதே அக்கறை சேரிப் பெண்ணுக்கும் மலைப்பெண்ணுக்கும் அதே வேகத்தில் கிடைக்கிறதா என்று கேட்பது நம் கடமை.

வத்தல்மலை இருக்கும் இதே மாவட்டத்தில், அதே மலையாளிப் பழங்குடி மக்கள் வாழும் வாச்சாத்தி இருக்கிறது. 1992 ஜூன் 20 அன்று வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை அலுவலர்கள் ஊருக்குள் நுழைந்தனர். 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளாக்கப்பட்டனர். அப்பெண்கள் நீதிமன்றத்திலும் பொதுமேடைகளிலும் முகம் மறைக்காமல் பேசியிருக்கின்றனர். அந்தத் துணிவை மதிக்கிறோம். ஆனால் மேடையில் ஒருநாள் பேசுவதற்குக் கொடுத்த ஒப்புதல், பேரப்பிள்ளைகள் காலம்வரை தேடுபொறியில் முதல் வரியாக நிற்பதற்குக் கொடுத்த ஒப்புதல் ஆகாது. ‘ஜெய் பீம்’ திரைப்படம் 2021இல் வெளியானபோதும் இதையே கண்டோம். காவல்நிலையத்தில் கொல்லப்பட்ட இராசாக்கண்ணுவின் மனைவியின் வீட்டிற்கு ஒளிப்படக் கருவிகள் வரிசையாக வந்து நின்றன. படம் சமூகத்தையும் மனைவியின் பெயரையும் மாற்றி அமைத்திருந்தது. வந்தவர்களோ இரண்டையும் பழையபடி ஒட்டிவைத்தனர்.

சாதியை எழுதுவதா?

ஆங்கில விக்கிப்பீடியாவின் இந்தியத் தொகுப்பாளர்களிடையே ஓர் ஒருமித்த முடிவு நடைமுறையில் உள்ளது: உயிரோடு இருப்பவரின் சாதியை, அவரே தம் வாயால் அறிவித்திருந்தால் மட்டுமே எழுதலாம். பிறர் சொன்னது போதாது. இதை நாம் வரவேற்கிறோம், ஒரு மனக்குறையுடன். ஆதிக்கச் சாதியினரின் சாதி எழுதப்படாமலேயே இருக்கலாம். அது அவர்களுக்கு இழப்பில்லை. தனித்தொகுதியில் வென்றவரின் சாதி எழுதப்படாவிட்டாலும் தொகுதியின் பெயருக்குப் பின்னாலேயே நிற்கிறது. ஆனாலும் தாமே சொல்வதற்கும் பிறர் சுட்டுவதற்கும் உள்ள வேறுபாட்டை நாம் நன்கறிவோம். தம் இதழுக்குப் ‘பறையன்’ என்று பெயரிட்டவர் இரட்டைமலை சீனிவாசன். அந்தப் பெயரை அவர் எடுத்துக்கொண்டார், அவர்மீது யாரும் ஒட்டவில்லை.

மலைமக்கள் விஷயத்தில் இன்னொரு சங்கடமும் உண்டு. ‘மலையாளி’ என்ற சொல்லைப் பார்த்ததும் வெளியூர் வாசகர் கேரளத்தவர் என்று எண்ணிக்கொள்கிறார். இது வெறும் வேடிக்கை அன்று. மலையாளிகள் தருமபுரி, சேலம் உள்ளிட்ட பழைய மாவட்டங்களில் பழங்குடியினர் பட்டியலில் உள்ளனர். ஈரோடு மாவட்ட மலைகளில் வாழும் அதே மக்களுக்கு அத்தகுதி மறுக்கப்பட்டு, அதற்காக அவர்கள் நெடுங்காலமாகப் போராடி வருகின்றனர். சான்றிதழுக்காக அலையும் ஒரு மாணவரைப் பற்றி, அரைகுறை அறிவோடு எவரோ எழுதிவைத்த ஒரு வரி என்ன செய்யும் என்று சொல்லத் தேவையில்லை.

பெயர்க் குழப்பத்தையும் சொல்லிவிட வேண்டும். தமிழகத்தில் நமக்குக் குடும்பப் பெயர் இல்லை. ஓர் எழுத்து முன்னொட்டும் ஒரு பெயரும்தான். ஒரே ஒன்றியத்தில் பத்து முருகேசன்கள் இருப்பர். ஒருவரின் வழக்கு மற்றவரின் பெயரோடு சேர்வதற்கு எந்தத் தீயெண்ணமும் வேண்டாம், கவனக்குறைவே போதும்.

குற்றமிழைத்தவரும் அந்தரங்கம் கேட்பார்

அந்தரங்கம் என்ற சொல்லை எதிர்த்தரப்பும் பயன்படுத்தும். ஆகவே எல்லை எங்கே என்பதில் தெளிவு வேண்டும். இதற்கான அடிப்படைத் தீர்ப்பு தமிழகத்திலிருந்தே பிறந்தது. ஆட்டோ சங்கரின் தன்வரலாற்றை வெளியிட ‘நக்கீரன்’ இதழ் முனைந்தது. அதில் காவல்துறை அலுவலர்களின் தொடர்புகள் வெளிவரும் என்பதால் தடுக்க முயன்றனர். 1994 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் வழங்கிய இராஜகோபால் தீர்ப்பு மூன்று செய்திகளை நிலைநாட்டியது. தம் வாழ்வில் பிறர் தலையிடாமல் இருக்கும் உரிமை ஒவ்வொருவருக்கும் உண்டு. பொது ஆவணங்களில் உள்ளதை எழுதலாம். ஆனால் பாலியல் வன்கொடுமைக்கு ஆளான பெண்ணின் பெயர் ஆவணத்தில் இருந்தாலும் வெளியிடக் கூடாது. அரசு அலுவலர்கள் தம் பணிசார்ந்த செயல்களுக்கு அந்தரங்கத்தைக் கேடயமாக்க முடியாது. 2017இல் ஒன்பது நீதிபதிகள் அமர்வு புட்டசாமி வழக்கில் அந்தரங்கத்தை அடிப்படை உரிமை என்று அறிவித்தபோதும் இதன் மீதுதான் கட்டியெழுப்பியது.

வாச்சாத்தி வழக்கில் 269 அரசு ஊழியர்கள் குற்றம் சாட்டப்பட்டனர். 54 பேர் வழக்கு முடியுமுன் இறந்தனர். எஞ்சிய 215 பேரும் குற்றவாளிகள் என 2011 செப்டம்பர் 29 அன்று தருமபுரி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2023 செப்டம்பர் 29 அன்று சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. இது அரசு ஊழியர்கள் அரசு அதிகாரத்தைக் கொண்டு இழைத்த குற்றம். இதில் மறக்கப்படும் உரிமை என்று ஒன்றை நாம் ஏற்பதற்கில்லை.

குற்றம் மெய்ப்பிக்கப்படாத எளியவர்களின் நிலை வேறு. பொய்வழக்குகள் அதிகம் பாய்வதும் நம்மவர் மீதே. விடுவிக்கப்பட்ட ஒருவர் தீர்ப்பிலிருந்து தம் பெயரை மறைக்கக் கோரியபோது, 2021இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி அதற்கு இசையவில்லை. 2024இல் இரு நீதிபதிகள் அமர்வு இசைந்தது. அதே ஆண்டு உச்ச நீதிமன்றம் அவ்வாணையை நிறுத்திவைத்தது. விக்கிப்பீடியாவின் விதி இங்கு சட்டத்தைவிடச் சற்று முன்னே நிற்கிறது: பொது மனிதர் அல்லாத ஒருவர் மீது குற்றம் மெய்ப்பிக்கப்படும்வரை, அக்குற்றச்சாட்டை எழுதாமல் விடுவது குறித்துத் தொகுப்பாளர்கள் தீவிரமாகச் சிந்திக்க வேண்டும் என்கிறது. முதல் தகவல் அறிக்கை, நீதிமன்ற ஆவணம், சொத்துப் பத்திரம் போன்ற மூல ஆவணங்களை மட்டும் சான்றாகக் கொண்டு உயிரோடு இருப்பவரைப் பற்றி எழுதக் கூடாது என்றும் கூறுகிறது. நம் தோழர்கள் சிலர் நல்லெண்ணத்தோடு முதல் தகவல் அறிக்கையைப் படமெடுத்து அப்படியே பதிவேற்றிவிடுகின்றனர். புகார் கொடுத்தவரின் முகவரியும் கைபேசி எண்ணும் அதிலேயே இருக்கும்.

நீக்கக் கோருவது எப்படி

வாழும் மனிதர்கள் பற்றிய கொள்கை 2005இல் நிகழ்ந்த ஓர் அவமானத்தின் பின்னர் வந்தது. ஜான் சீகந்தாலர் என்ற அமெரிக்க இதழாளர் கென்னடி கொலையில் தொடர்புடையவர் என்று எவரோ எழுதிய பொய், நான்கு மாதங்களுக்கு மேல் எவர் கண்ணிலும் படாமல் அங்கேயே இருந்தது. அதன் பிறகு, உயிரோடு இருப்பவரைப் பற்றிச் சான்றில்லாமல் எழுதப்பட்ட, சர்ச்சைக்குரிய எதையும் உடனே நீக்கலாம், விவாதத்திற்குக் காத்திருக்க வேண்டாம் என்று விதித்தனர். சீகந்தாலருக்கு நாளிதழில் எழுதித் தம் குறையைச் சொல்ல முடிந்தது. மலையூர்ப் பெண்ணுக்கு அது முடியாது. அவரைப் பற்றி அங்கே எழுதப்பட்டிருப்பதே அவருக்குத் தெரிய வராது.

அவர் சார்பில் நாம் செய்யக்கூடியவை உண்டு. சான்றில்லாத வரியை எவரும், கணக்குக்கூடத் தொடங்காமல், நீக்கலாம். நீக்கும்போது காரணத்தைச் சுருக்கமாக எழுத வேண்டும். பிறந்த நாள் முழுமையாக இருந்து, உரியவர் அதை விரும்பாவிட்டால், ஆண்டை மட்டும் வைக்கக் கோரலாம். முகவரி, கைபேசி எண் போன்றவை இருந்தால் பக்கத்தின் பழைய பதிப்புகளிலிருந்தும் அவற்றை மறைக்கும் ஏற்பாடு உண்டு. இதைப் பொது உரையாடல் பக்கத்தில் கேட்கக் கூடாது. கேட்டால் நூறு பேர் போய்ப் பார்ப்பர். மின்னஞ்சல் வழியே கேட்க வேண்டும். கட்டுரை முழுவதையும் நீக்க வேண்டுமானால், ஆங்கில விக்கிப்பீடியாவில் அதற்கான விவாதம் பொதுவாக ஏழு நாள்கள் நடக்கும். அதிகம் அறியப்படாத ஒருவர் தம் கட்டுரையை நீக்குமாறு தாமே கேட்டு, விவாதத்தில் முடிவு எட்டப்படாவிட்டால், நீக்குவதற்கு நிர்வாகிக்கு அதிகாரம் உண்டு. இந்த ஒரு விதியை அறிந்திருந்தாலே பலருக்கு உதவ முடியும்.

விரைவு முக்கியம். விக்கிப்பீடியாவின் உரிமம் எவரும் படியெடுத்துக்கொள்ள இடமளிக்கிறது. தேடுபொறிகள் அதிலிருந்து பெயரையும் படத்தையும் எடுத்துத் தனிப்பெட்டியில் காட்டுகின்றன. மூலத்தில் நீக்கிய பிறகும் நகல்கள் ஆண்டுக்கணக்கில் அலைந்துகொண்டிருக்கும்.

இனி எழுதுவதைப் பற்றி. 2015 முதல் ஏப்ரல் மாதத்தைத் தலித் வரலாற்று மாதமாகக் கடைப்பிடிக்கும் வழக்கம் வந்துள்ளது. கல்லூரி மாணவர்கள் கூடி அமர்ந்து கட்டுரை எழுத நல்ல காலம். இறந்தோரிலிருந்து தொடங்குவது பாதுகாப்பானது. அவர்களின் இதழ்களும் நூல்களும் நூலகங்களில் தேடுவாரற்றுக் கிடக்கின்றன. வத்தல்மலையைப் பற்றி எழுதுவோர் ஊர்களையும் பயிர்களையும் பாதையின் வரலாற்றையும் எழுதட்டும். ஊராட்சிப் பணிகளை எழுத வேண்டுமானால் முதலில் சான்று உருவாக வேண்டும். அதற்கு, வார்டு உறுப்பினரின் நேர்காணலை ஆசிரியர் குழு உள்ள ஓர் இதழில், அவர் படித்து ஒப்பிய வடிவில் வெளியிடுவதே வழி. படம் எடுப்பவர்கள் ஒன்றைச் சொல்லிவிட்டு எடுக்க வேண்டும்: விக்கிப்பீடியாவின் படக் களஞ்சியத்தில் ஏற்றிய படத்தின் உரிமத்தைத் திரும்பப் பெற முடியாது. அப்படம் எங்கும் போகும், எவரும் எடுத்துக்கொள்வர் என்று அந்த அம்மாவிடம் விளக்கிச் சொல்லி, வீட்டாரோடு பேச ஒருநாள் விட்டு, மறுநாள் வந்து கேட்க வேண்டும்.